அண்ணன் வீட்டு ஃபியட்

அண்ணனுக்கு டீ சொன்னால் சர்க்கரை போடாமல் சொல்லுங்கள் சார். அவருக்குச் சுகர் இருக்கிறது. காலையிலிருந்து இங்கே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று அண்ணி போன் செய்தார்கள். கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு வந்தேன். நான் நிதானமாகச் சொல்கிறேன், ஏட்டம்மாவும் நிதானமாக எழுதட்டும்.

என் பெயர் பூங்குழலி. திண்டிவனம் ரோட்டில் எங்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. டிராக்டர், டூவீலர், பழைய கார், எதற்கும் சாமான் கிடைக்கும். போர்டில் என் வீட்டுக்காரர் விநாயகம் பெயர்தான் இருக்கிறது. சாமானை எடுத்துக் கொடுப்பது நான். கையில் வாங்கிப் பார்த்தாலே எந்த வண்டி, எந்த மாடல் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்ப வேண்டுமே, அதற்காக.

என் அண்ணன் நெடுமாறன் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ரிட்டையர் ஆனவர். சிறுகடம்பூரில் வீடு. எங்கள் நைனா துரைக்கண்ணு வாங்கிய ஃபியட் கார் அந்த வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. டயரெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, பின் சீட்டில் கோழி அடை உட்கார்ந்திருந்தது. நைனா போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள். காரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் கேட்டேன்.

"உனக்கு இன்னாத்துக்கும்மா கார்? வெச்சி இன்னா பண்ணப் போற?" என்று அண்ணன் சிரித்தார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்தக் காரில்தான் நைனா எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். சீயமங்கலம் போகிற ரோட்டில் என் கையின் மேல் தன் கையை வைத்து கியர் மாற்ற வைத்தார். அண்ணனுக்கும் கற்றுக் கொடுத்தார். அண்ணன் காரை ஏரிக்குள் இறக்கினார், மாடு கட்டி இழுத்தோம். ஆனாலும் கார் ஆண்பிள்ளைக்குத்தான் வந்தது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அன்றைக்கே சண்டை போட்டிருப்பேன் அல்லவா?

ரிட்டையர் ஆனதும் அண்ணனுக்குப் பொழுது போகவில்லை. காரைப் பழையபடி ஆக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். வேலை தெரியாது, ஆனால் பொறுமை உண்டு. உப்புத்தாள், மண்ணெண்ணெய், பழைய வேட்டித்துணி இவற்றை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தேய்ப்பார். துருவுக்குக் கீழே இருக்கிற பளபளப்பை எப்படியோ வெளியே கொண்டுவந்துவிடுவார். அந்தத் திறமையை நான் மறுக்கவே மாட்டேன்.

அதே சமயத்தில்தான் அவலூர்பேட்டையில் ஒரு ரைஸ்மில்லுக்குப் பின்னால் இன்னொரு ஃபியட் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதே மாடல், அதே நிறம். காயலான் கடைக்குப் போக இருந்ததை வாங்கி எங்கள் குடோனில் கொண்டுவந்து போட்டேன். மோசமான வண்டி. மேல்கூடு மட்டும் பரவாயில்லை. உள்ளே இருந்ததெல்லாம் குப்பை.

"இத்த வெச்சி இன்னா பண்ணுவ?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பார்ட் பார்ட்டா விக்கலாம்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. தங்கமான மனுஷன்.

முதலில் எடுத்தது வீல் கப். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் தேய்த்து வைத்திருந்த வீல் கப் வெயிலில் மின்னியது. என் வண்டியின் வீல் கப் கட்டைப் பையில் குழம்புச் சட்டிக்கு அடியில் இருந்தது. அவர் கை கழுவப் போனார். நான் இதை வைத்து அதை எடுத்துக்கொண்டேன். இதை நீங்கள் கவனமாக எழுத வேண்டும் ஏட்டம்மா: எடுத்த இடத்தை நான் ஒருநாளும் வெறுமையாக விட்டதில்லை. எதை எடுத்தேனோ அதே சாமானை வைத்தேன். எந்தத் திருடனாவது அப்படிச் செய்வானா?

மறுநாள் அண்ணன் கடைக்கு வந்தார்.

"நேத்துதான் தேச்சி வெச்சேன் குழலி. இன்னிக்கிப் பாத்தா முழுக்கத் துரு ஏறியிருக்குது."

"பழைய இரும்பு, அண்ணா. உள்ள இருக்கிற துரு மேல வரும்" என்றேன்.

அவர் போய் மறுபடி தேய்த்தார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அவருக்கு வேண்டியது தேய்ப்பதற்கு ஒரு சாமான். எனக்கு வேண்டியது தேய்த்து முடித்த சாமான். இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. பம்பர், விளக்கு வளையம், கதவுக் கைப்பிடி, கண்ணாடி, ஸ்பீடாமீட்டர் என்று ஒவ்வொன்றாக மாறின. சில சாமான்களை அவர் இரண்டு முறை தேய்த்தார். ரிட்டையர் ஆனவருக்கு வேலை குறையாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

முதலில் காற்றைச் சந்தேகப்பட்டார். ஊரைச் சுற்றி நிற்கிற கோட்டைப் பாறைகளின் சூட்டில் வெந்து ராத்திரிப் பனியில் நனைந்தால் எந்த இரும்பும் தாங்காது என்றார். பிறகு பாலிஷைச் சந்தேகப்பட்டு கம்பெனி மாற்றினார். அண்ணி திருஷ்டி என்று சொல்லி பானெட்டில் எலுமிச்சம்பழம் கட்டினார்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்பதே அவர்கள் ஞாபகத்தில் இல்லை.

கார்ப்பரேட்டர் முறை வந்தபோதுதான் சிக்கல். அண்ணன் அதைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டு, அடியில் ஆணியால் 'நெ' என்று கீறி வைத்திருந்தார். வாத்தியார் இல்லையா, எல்லாவற்றுக்கும் அடையாளம் வைப்பார். என் கார்ப்பரேட்டரிலும் நான் ஒரு 'நெ' கீறினேன். அவர் எழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாயும். அதையும் அப்படியே சாய்த்துப் போட்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கழுவினேன்னு நினைக்கிறேன். கழுவல போல இருக்குது. ஆனா எழுத்து என் எழுத்துதான்" என்றார்.

"வயசாவுது இல்ல, அண்ணா" என்றேன்.

அவர் கார்ப்பரேட்டரைக் கீழே வைத்தார். முகம் சின்னதாகிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் நாட்டுக்கோழி எடுத்துக்கொண்டு போனேன்.

அதன் பிறகு அவருக்குத் தன் மேலேயே பயம் வந்துவிட்டது. கேஸை அணைத்தேனா என்று நாலு தரம் எழுந்து போய்ப் பார்ப்பார். பென்ஷன் வாங்கினேனா என்று அண்ணியைக் கேட்பார். வகுப்பில் ராஜா தேசிங்கு கதையை ஒரு தேதி பிசகாமல் சொன்னவர், தெருவில் பழைய மாணவன் வணக்கம் வைத்தால் பேரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தலையைக் குனிந்துகொண்டு போவார். அண்ணி என்னிடம் வந்து அழுதார்கள். பாண்டிச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். கூடவும் போனேன். இப்படிப்பட்ட நேரத்தில் கூடப் பிறந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

டாக்டர் பொறுமையானவர். "வீட்டுல யாராச்சும் கவனிச்சீங்களா? எப்படி மறக்கறாரு?" என்று கேட்டார்.

அண்ணி என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். செய்த வேலையைச் செய்யவில்லை என்கிறார், செய்யாததைச் செய்தேன் என்கிறார் என்றேன். பொய் ஒரு சொல்கூட இல்லை சார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் அண்ணன் மத்தியானம் நன்றாகத் தூங்கினார். அந்த வசதியை நான் கேட்டு வாங்கவில்லை. தானாக வந்தது. ரேடியேட்டர், டைனமோ, முன் கதவு இரண்டும் அந்த மத்தியானங்களில் எங்கள் கடை லோடு ஆட்டோவில் போய்த்தான் மாறின. அண்ணி அப்போது நூறு நாள் வேலைக் கணக்குப் பார்க்க பஞ்சாயத்து ஆபீஸ் போயிருப்பார்கள்.

ஏட்டம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். எழுதச் சொல்லுங்கள் சார். இனிமேல்தான் முக்கியமானது வருகிறது.

எஞ்சினைக் கட்டைப் பையில் கொண்டுவர முடியாது. அதற்கு வீடு காலியாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு இட மாற்றம் நல்லது, பெங்களூரில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்று அண்ணியிடம் சொன்னேன். "நீ இருக்கறதாலதான் குழலி நான் தைரியமா இருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

செங்கல் சூளையில் வேலை செய்கிற இரண்டு ஆட்களையும் ஒரு மினி வேனையும் பிடித்தேன். வேப்பமரக் கிளையில் செயின் புல்லி கட்டினேன். பட்டப்பகல்தான். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, அண்ணன் வண்டிக்கு வேலையா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றேன். அவளே எங்களுக்கு மோர் கொடுத்தாள்.

போல்ட்டெல்லாம் இறுகிப் போயிருந்தது. ஆட்கள் சுத்தியல் கேட்டார்கள். அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு நானே கீழே படுத்து எண்ணெய் விட்டு, ஊற வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நைனாவின் எஞ்சின் சங்கிலியில் தொங்கியபோது கொஞ்சம்கூடச் சாயவில்லை. என் வண்டி எஞ்சினை அந்த இடத்தில் இறக்கி உட்கார வைத்தேன். எண்ணெய்க் கறையைத் துடைத்தேன். மேலே பழைய தூசியையும் வாரித் தூவினேன். அப்படி ஒரு சுத்தமான வேலையை என் ஆயுசில் நான் செய்ததில்லை. காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

அண்ணன் திரும்பி வந்து, மறுபடி தேய்த்து, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்க்க வைத்தார். ஒருநாள் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. என் வண்டியின் குப்பை எஞ்சின்தான், ஆனாலும் ஓடியது. அண்ணன் அழுதுவிட்டார். "நைனா எஞ்சினு, குழலி. அந்தச் சத்தம் அப்படியே இருக்குது பாரு" என்றார். தேங்காய் உடைத்தது நான்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் நேர்மையான மனுஷன். ஆர்.சி.யைப் புதுப்பிக்காமல் ரோட்டில் ஓட்டமாட்டேன் என்று வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்டினார். பிரேக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்த்தார். சேஸிஸ் நம்பர் சரியாக இருந்தது. எஞ்சின் நம்பர் வேறு. திருட்டு எஞ்சினாக இருக்கும் என்று உங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

நான் உள்ளே வரும்போது அண்ணன் என்னைப் பார்த்து எழுந்தார். இந்த ஸ்டேஷனில் பாதிப் பேருக்கு அவர் பாடம் எடுத்திருப்பார். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார்.

"நீ டென்ஷன் ஆவாத. நான்தான் எங்கியோ வாங்கி மாத்தியிருப்பேன். எப்ப மாத்தினேன்னுதான் ஞாபகம் வரல. சார் கிட்ட அப்படியே சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாரு" என்றார்.

அதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை சார்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எஞ்சினை இறக்கி ஏற்றுவது சாதாரண வேலையா? அவருக்கு ஸ்பேனர் நம்பர்கூடத் தெரியாது. பன்னிரண்டாம் நம்பர் கேட்டால் பதினாலை எடுத்துக் கொடுப்பார். நீங்கள் அவர் பேரில் எழுதிவிட்டால், நெடுமாறன் சார் இந்த வயசில் தனியாளாக எஞ்சின் மாற்றினார் என்று நாளைக்கு பஜார் முழுக்கப் பேசுவார்கள். கார்தான் அவருக்குப் போனது. இதுவும் அவருக்கே போக வேண்டுமா?

அதனால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். வீல் கப்பிலிருந்து எஞ்சின் வரைக்கும் செய்தது நான். என்னைத் தவிர யாரும் இல்லை. அண்ணனுக்கு மறதி எதுவும் கிடையாது, அவர் செய்ததெல்லாம் அவருக்குச் சரியாகத்தான் ஞாபகம் இருந்தது. இதை நீங்களே பக்குவமாக அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் இப்போதைக்கு நிறுத்த வேண்டாம். பழகிவிட்டது, திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது.

எஞ்சின் என் குடோனில்தான் இருக்கிறது. வந்து பார்த்து நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். நைனா கார் முழுசாக அங்கே நிற்கிறது என்று தெளிவாகவே எழுதலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்படுகிறவள் இல்லை நான்.

சாவி போடுகிற சுவிட்ச் ஒன்றைத்தான் தொடவில்லை. அதை மாற்றியிருந்தால் அண்ணன் கையில் இருக்கிற சாவி பொருந்தாது, அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். இப்போதுதான் எல்லாம் தெரிந்துவிட்டதே. வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். போட்டுவிடுகிறேன். அந்தச் சாவியை அண்ணனிடமிருந்து வாங்கிக் கொடுத்தீர்களென்றால், போகிற வழியில் சுவிட்சையும் கழற்றிக்கொள்வேன். ஸ்க்ரூடிரைவர் பையிலேயே இருக்கிறது.