முழங்கால் கட்டு

என் மனைவி என்னைவிட வேகமாக நடப்பாள். கடைத்தெருவுக்குப் போனால் அவள் முதுகைப் பார்த்தபடிதான் நான் வருவேன். அவள் பேருந்து நடத்துநர். நாள் முழுக்க நின்றே பழகியதால் வீட்டிலும் உட்காரத் தெரியாது. "முன்னால போங்க, முன்னால போங்க" என்று சமையலறையில் என்னைத் தள்ளுவாள்.

நான் பார்சல் அலுவலகத்தில் கட்டுப் போடுபவன். நான் கட்டியது வழியில் அவிழ்ந்ததாக இதுவரை புகார் இல்லை.

குளியலறைக்கு டைல்ஸ் பார்க்கப் போன கடையில் அவள் விழுந்தாள். விற்பனையாளர் வழுக்காத ரகம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் துடைத்த தரை. எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. வழக்கம்போல் அவள்தான் முன்னால் போனாள். முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. கிடந்தபடியே, "இது எந்த ரகம்னு கேளுங்க. அதை மட்டும் வாங்கிடாதீங்க" என்றாள்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு பெல்ட் போட்டார்கள். உள்ளே இரும்புப் பட்டைகள். பயிற்சி கொடுக்க வந்த பெண் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தினமும் கழட்டி மடக்கணும் சார். வலிக்குதுன்னு விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் யார் வந்தாலும் மடங்காது."

நஷ்டஈடு கேட்டுக் கடை மேல் வழக்குப் போட்டோம். எங்கள் வக்கீல் வேடிக்கையாகப் பேசுவார். "நடந்து வந்து நஷ்டஈடு கேட்டா, ஜட்ஜ் டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவார்." சிரித்தோம். பிறகு, "கால் மடங்காமலே போனா, அது வேற கேஸ்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சட்டத்தைச் சொன்னார்.

பயிற்சிப் பெண்ணிடம், வேறு மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். மனைவியிடம், எலும்பு இன்னும் கூடவில்லையாம், அசைக்கவே கூடாதாம் என்றேன். இருவரும் நம்பினார்கள். என்னை எல்லோரும் நம்புவார்கள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு டிக்கெட் பரிசோதகராகப் பதவி உயர்வு வந்திருந்தது. வேறு ஊர். வாரத்துக்கு ஒருமுறை வந்து போவதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுவேன். சாப்பாடு, தண்ணீர், பெட்பேன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேன். அவளுடைய கைபேசியை என்னோடு எடுத்துப் போவேன். கூட வேலை செய்கிறவர்கள் அழைத்தால் நானே பேசினேன். நோயாளியைத் தொந்தரவு செய்யக் கூடாது.

ஒரு நாள் சீக்கிரம் வீடு திரும்பினேன். அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. "பாத்தீங்களா, கொஞ்சம் மடங்குது" என்றாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. காலைத் தூக்கி நேராக வைத்தேன்.

மறுநாளிலிருந்து பெல்ட்டின் மேல் பார்சல் கயிற்றைச் சுற்றினேன். மறுமுனையைக் கட்டில் சட்டத்தில் கட்டினேன். முடிச்சு அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

"இவ்ளோ இறுக்கிக் கட்டுறீங்களே, என்னை எந்த ஊருக்கு அனுப்பப் போறீங்க?"

"எங்கயும் இல்ல."

அன்று சிரித்தாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. "ஒரு நிமிஷம் அவுத்து விடுங்க. காலுக்குக் காத்தாவது படட்டும்" என்பாள். பிறகு அதுவும் கேட்பதில்லை. "கட்டிலையாவது ஜன்னல் பக்கம் நகர்த்துங்க. பஸ் சத்தம் கேட்டா போதும்" என்றாள். நகர்த்திக் கொடுத்தேன். அவள் கேட்டதை நான் மறுத்ததில்லை.

வழக்குக்காகக் காலைச் சோதிக்கும் மருத்துவக் குழுவின் முன் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் காலை மடக்கப் பார்த்தார். அவள் அலறினாள். அவளுக்கு நடிக்க வராது. நடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

"பயிற்சி எதுவும் செய்யலையாம்மா?"

"அசைக்கவே கூடாதுன்னாங்களே சார்."

"யார் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனி மடங்காது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. தலை வாரும்போது மட்டும் கழுத்தை நேராக வைத்துக்கொள்வாள்.

பயிற்சிப் பெண் என்றைக்கோ ஒரு பேருந்தில் ஏறியபோது நடத்துநரிடம் என் மனைவியைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவள் இன்னும் வேலைக்கு வரவில்லை என்று தெரிந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார். நல்லவர். கொஞ்சம் முன்பே விசாரித்திருக்கலாம்.

பணத்துக்காகத்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். காலம் முழுக்க நின்றவள், இனியாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

பணம் போன மாதமே வந்துவிட்டது. இன்று காலையும் அவளைக் கட்டிவிட்டுத்தான் இங்கே வந்தேன். ஏன் என்று கேட்டால், பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்களிடம் ஒரு கத்தரிக்கோல் கொடுத்து அனுப்புங்கள். என் முடிச்சு கையால் அவிழாது.