கதவில் தெரிந்த நீலம்

புஹாரி: இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க அக்கா... ஆ, போதும். கார்க் கதவு காஞ்சிட்டா கலர் ஒண்ணோட ஒண்ணு கலங்கிப் போகும்.

மங்களேஸ்வரி: வட்டம் வட்டமா வருதே நாநா. வெங்காயத்த வெட்டுன மாதிரி.

புஹாரி: அதுதான் கணக்கு. மேல இரிக்கிறது வெள்ளை, அதுக்குக் கீழ கறுப்பு. ஒவ்வொரு வட்டமும் ஒவ்வொருத்தன் அடிச்ச பெயின்ட். சேண்ட் பேப்பரால தேய்ச்சுக்கிட்டே போனா ஆகக் கடைசியா எது நிக்குதோ, அதுதான் கம்பெனியில இருந்து வந்த கலர்.

மங்களேஸ்வரி: இத்தன வருஷத்துக்கு அப்புறமும் இருக்குமா?

புஹாரி: தகரத்துல ஒட்டுனது எங்க போறது? ...அண்ணே, நீங்க என்ன ரோட்டோரமே நிக்கிறீங்க? உக்குவளையில ரயில் பாக்க வந்தீங்களா, கார் பாக்க வந்தீங்களா?

சிவஞானம்: இங்க இருந்தே தெரியுது பாஸ்.

புஹாரி: பதினெட்டு வருஷம் ஓட்டுன கார்னு சொன்னீங்க. கிட்ட வந்து பொனட்ட ஒரு தட்டு தட்டக்கூடவா மனசு வரல?

மங்களேஸ்வரி: கூச்சம் நாநா. வீட்டுல இந்த மோரிஸ் மைனர் பேச்சு இல்லாம இவருக்கு ஒரு வாய் சோறு எறங்காது. இங்க வந்ததும் புது மாப்பிள்ளை மாதிரி தூணுக்குப் பின்னால நிக்கிறாரு.

சிவஞானம்: மங்களம்...

மங்களேஸ்வரி: என்ன மங்களம்? உள்ளதத்தானே சொல்றேன்.

புஹாரி: சரி சரி. மிச்சத்தத் தேய்க்கிறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. கார வாங்கியிருக்கிற சசிக்குமார் மொதலாளி கேக்கச் சொன்னது.

மங்களேஸ்வரி: கேளுங்க நாநா. இதுல என்ன கோவம்?

புஹாரி: மொதலாளி இந்தக் காரக் கல்யாணத்துக்கு விடப்போறாரு. பொண்ணு மாப்பிள்ளை ஏத்துறதுக்கு. பழைய கலர், பழைய டிரைவர்... எல்கடுவ தோட்டத்துத் துரைகிட்ட இதே கார ஓட்டுன ஆள்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. இத டவுன்ல வாய விட்டுச் சொல்லிட்டாரு, பாத்துக்கங்க. அன்னியில இருந்து ஆள் ஆளா வாராங்க. நேத்து அழகையான்னு ஒருத்தர் வந்தாரு. துரைக்கு டிரைவர் நான்தான்னாரு. கார் என்ன கலர்னு கேட்டேன். செவப்புன்னாரு.

மங்களேஸ்வரி: அழகையாவா? தோட்டத்து லொறியில சாக்கு ஏத்துனவரு அவரு. ஸ்டியரிங் எந்தப் பக்கம்னு கேட்டிருக்கணும் நீங்க.

புஹாரி: அதுதான் அக்கா, வார ஆளுகிட்ட எல்லாம் கலர் கேக்குறது. இதுவரைக்கும் கீழ தேய்க்கவே இல்ல, எனக்கும் தெரியாது. அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்க மொத மொதல்ல சாவி வாங்குன அன்னிக்கு இது என்ன கலர்?

சிவஞானம்: ...கறுப்பு.

மங்களேஸ்வரி: என்னங்க?

சிவஞானம்: கறுப்புதான். துரைமார் காரெல்லாம் கறுப்புதானே.

புஹாரி: அண்ணே... கறுப்பு இரிக்கின்னு நான்தானே இப்ப வாய்விட்டுச் சொன்னேன்? அது மேலால இரண்டாவது.

சிவஞானம்: அப்ப வேற என்னவோ. எனக்கு ஞாபகம் இல்ல பாஸ். வயசு போச்சு.

மங்களேஸ்வரி: ஞாபகம் இல்லையா... உங்களுக்கா? பச்சை நாநா. பச்சை. கறிக்குப் போடுற முத்துன ரம்பை இலைய ரெண்டு நாள் வெயில்ல போட்டா ஒரு பச்சை வருமே, அது.

புஹாரி: அக்கா, ஓட்டுனது நீங்களா, அவரா?

மங்களேஸ்வரி: ஓட்டுனது அவரு. தீவாளிக்கு முந்துன நாள் பங்களா பின்பக்கம் கூட நின்னு காரத் தொடைச்சது நானு. மீனாட்சி கலர்ல ஒரு காருன்னு நான் சொல்லி, இவரு சிரிச்சது கூட ஞாபகம் இருக்கு.

புஹாரி: இரிங்க, தேய்ச்சுப் பாப்பம். சண்ட எதுக்கு... அந்தத் தண்ணிய இந்தப் பக்கம் ஊத்துங்க.

சிவஞானம்: மங்களம், வா, போவோம். பஸ் வந்துரும்.

மங்களேஸ்வரி: எந்த பஸ்ஸு? அடுத்த பஸ்ஸு இருக்கு, அதுக்கடுத்த பஸ்ஸும் இருக்கு. நில்லுங்க.

புஹாரி: கறுப்பு விலகுது... அட, வருது.

மங்களேஸ்வரி: பாத்தீங்களா? பச்சை.

புஹாரி: பச்சைதான். ஆனா மெல்லிசு. பேப்பர் பட்டதும் போயிட்டுதே... அதுக்குக் கீழ இன்னொண்ணு இரிக்கி அக்கா.

மங்களேஸ்வரி: இருக்காது.

புஹாரி: குனிஞ்சு பாருங்க. நீலம். நல்ல தடிச்ச நீலம். அதுக்குக் கீழ சாம்பல் கலர் அண்டர்கோட், அப்புறம் தகரம். ஆகக் கடைசியில நிக்கிறது நீலம்.

மங்களேஸ்வரி: நீலமா...

புஹாரி: அக்கா, நான் யாரையும் கொற சொல்லல. பச்சையா இருந்த காலத்துல நீங்க எங்கயாச்சும் பாத்திருப்பீங்க. அண்ணனும் ஒருநாள் ரெண்டுநாள் ஓட்டியிருப்பாரு. ஆனா இந்தக் கார் கம்பெனியில இருந்து வந்தது நீலம். அண்ணன் கறுப்புங்கிறாரு, நீங்க பச்சைங்கிறீங்க. மொதலாளிக்கு நான் என்னண்டு சொல்றது?

சிவஞானம்: ஆள் சரியில்லன்னு சொல்லிருங்க பாஸ். தப்பே இல்ல.

மங்களேஸ்வரி: நீங்க வாய மூடுங்க. நாநா, இவரு பொய் சொல்றாருன்னு சொல்றீங்களா?

புஹாரி: நான் அப்பிடிச் சொல்லலியே.

மங்களேஸ்வரி: சொல்லாமச் சொல்றீங்க. பதினெட்டு வருஷம் இந்தக் கார ஓட்டுன மனுஷன், அழகையாவோட அழகையாவா இங்க இருந்து போகணுமா? எனக்கு வயிறு எரியுது நாநா.

புஹாரி: டீ ஒண்ணு குடிச்சிட்டுப் போங்க அக்கா. ஸில்மியாவ ஊத்தச் சொல்றேன். எங்க வீட்டு ஆள் ஊத்துன டீ குடிச்சா கோவம் எறங்கிரும்.

மங்களேஸ்வரி: எனக்கு டீ வேணாம்... இது எந்தக் கதவு நாநா?

புஹாரி: எந்தக் கதவுன்னா? கதவுதான். இடது பக்கக் கதவு. நாங்க எப்பவும் கதவுலதான் பாக்குறது. சப்பையா இரிக்கும், தேய்க்க லேசு.

மங்களேஸ்வரி: இடது பக்கம்... ஐயோ, எனக்கு ஏன் இது முந்தியே வரல? இது இந்தக் காரோட கதவே இல்ல நாநா.

சிவஞானம்: மங்களம், போதும்.

மங்களேஸ்வரி: போதாது. ஒரு அடை மழையில எல்கடுவ ரோட்டுல, கொண்டை ஊசி வளைவுல, மேல இருந்து கல்லு சரிஞ்சு வந்து இடது பக்கக் கதவுல அடிச்சுது. கதவு அப்படியே மடிஞ்சு போச்சு. பின் சீட்டுல இருந்த துரைக்கு ஒரு கீறல் இல்ல. இவரு தலையெல்லாம் கண்ணாடித் தூள். விளக்க பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

புஹாரி: அப்புறம்?

மங்களேஸ்வரி: அப்புறம் என்ன? அந்தக் காலத்துல புதுக் கதவுக்கு எங்க போறது? அலுவிகாரையில ஒரு டாக்டரோட பழைய மோரிஸ் மைனர் மாமரத்துக்கு அடியில கெடந்துச்சு. இவருதான் தேடிப் பிடிச்சாரு. அந்தக் கதவக் கழட்டி இதுல மாட்டுனாங்க. அந்த டாக்டர் கார்தான் நாநா நீலம். காருக்கு ஏத்த மாதிரி கதவுக்கு மட்டும் மேலால பச்சை அடிச்சாங்க.

புஹாரி: ...அதுதான் பச்சை மெல்லிசு.

மங்களேஸ்வரி: என்னது?

புஹாரி: ஒரு கோட்தான் அடிச்சிருக்காங்க. கம்பெனி பெயின்ட் இவ்வளவு லேசா போகாது. இரிங்க... இந்தக் கதவுப் பிணைச்சல பாப்பம். போல்ட் தலையெல்லாம் ஸ்பேனர் பட்டுத் தேஞ்சிரிக்கி. அந்தப் பக்கம்... அந்தப் பக்கக் கதவுல ஒரு கீறலும் இல்ல. ஆண்டவனே, இத நான் பாக்கலியே.

மங்களேஸ்வரி: பாடியில தேய்ச்சுப் பாருங்க நாநா. கதவு கழட்டி மாத்தலாம். பாடிய யாரு மாத்துறது?

புஹாரி: டேஷ்போர்டுக்கு உள்பக்கம் பாத்தா தெரியும். அங்க ஒருத்தனும் பெயின்ட் அடிக்க மெனக்கெட மாட்டான். டோர்ச்ச பிடிங்க அக்கா. இன்னும் கீழ... ம்ம்...

மங்களேஸ்வரி: என்ன தெரியுது?

புஹாரி: தேய்க்கவே தேவையில்ல. தூசியத் தொடைச்சாலே போதும்.

மங்களேஸ்வரி: சொல்லுங்க நாநா.

புஹாரி: பச்சை. நீங்க சொன்ன அதே பச்சை, நல்லா தடிச்சு நிக்கிது. கீழ சாம்பல், அப்புறம் தகரம். நீலம் மருந்துக்கும் இல்ல. மாஷா அல்லாஹ்... ரம்பை இலைதான்.

மங்களேஸ்வரி: நான் சொன்னேனா இல்லையா நாநா?

புஹாரி: அண்ணே, என்ன மன்னிச்சுக்கங்க. இந்தக் கதவுக் கதை, ஓட்டுன வீட்டு ஆளத் தவிர வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இந்தக் கராஜ்ல கெடந்து தலை நரைச்ச நான் கதவ நம்பி மோசம் போயிட்டேன். சாம்பிள் அடிக்கிறதுக்கு முந்தி இது தெரிஞ்சுது, நல்லதாப் போச்சு. இல்லாட்டி முழுக் காரையும் நீலமாக்கி வச்சிருப்பேன்.

சிவஞானம்: பரவாயில்ல பாஸ். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க.

புஹாரி: மொதலாளிக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லிட்டு வாரேன். இங்க சிக்னல் இல்ல, தண்டவாளப் பக்கம் போகணும். நீங்க உக்காருங்க. ஏறி உக்காந்து பாருங்கண்ணே, சீட்டு புதுசு.

மங்களேஸ்வரி: போயிட்டு வாங்க நாநா... அவரு போயிட்டாரு, இப்ப நீங்க சொல்லுங்க. என்ன வேலை இது?

சிவஞானம்: என்ன?

மங்களேஸ்வரி: கறுப்பு. காலையில முகம் கழுவிக்கிட்டே 'அந்தப் பச்சைய எங்க மங்களம் இனி பாக்கப் போறோம்'னு சொன்ன வாயி, இங்க வந்து கறுப்புங்குது.

சிவஞானம்: வாய் தவறிப் போச்சு.

மங்களேஸ்வரி: ரெண்டு தடவையா? நான் நடுவுல விழுந்து சொல்லாட்டி இந்நேரம் வெளிய அனுப்பியிருப்பாங்க. உங்களுக்கு ஆசை இல்லையா?

சிவஞானம்: ...இருக்கு.

மங்களேஸ்வரி: அப்புறம்?

சிவஞானம்: ஆசை இருக்குதான் மங்களம். என்னத்துக்கு அத நோண்டுற? சசிக்குமார் எப்படி என்னத் தேடிப் பிடிச்சாருன்னுதான் எனக்கு வெளங்கல. அவரு கேக்காம இருந்திருந்தா நான் பாட்டுக்கு வீட்டுல கெடந்திருப்பேன்.

மங்களேஸ்வரி: அவரு தேடல.

சிவஞானம்: தேடலையா?

மங்களேஸ்வரி: நான்தான் போனேன். கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு மாத்தளை டவுனுக்குப் போயி, அவரு கடை வாசல்ல நின்னு, எங்க வீட்டுக்காரருதான் அந்தக் கார ஓட்டுனாருன்னு சொன்னேன். மொத நாள் அவரு காதுல வாங்கல. மறுபடியும் போனேன்.

சிவஞானம்: ஏன் புள்ள...

மங்களேஸ்வரி: ஏன்னா, இந்த வருஷம் பொறந்ததுல இருந்து நீங்க சிரிச்சு நான் பாக்கல. எந்நேரமும் கட்டில்ல உக்காந்துகிட்டு செவுத்தப் பாக்குறீங்க. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கிறீங்க. அந்த ஸ்டியரிங்க ஒரு தடவ பிடிச்சா பழைய மனுஷன் வந்துருவாருன்னு நெனச்சேன். தப்பா?

சிவஞானம்: தப்பில்ல மங்களம்... உனக்கு ஒரு தப்பும் இல்ல.

புஹாரி: அண்ணே, வேலை முடிஞ்சுது. மொதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். கார் பச்சை, டிரைவர் நீங்க. அலுவிகாரையில அவரு தங்கச்சி மக கல்யாணம் வருது, அதுதான் மொத ஓட்டமாம். வெள்ளை உடுப்பு, தொப்பி எல்லாம் அவரே தைச்சுத் தாராராம்.

மங்களேஸ்வரி: கேட்டீங்களா?

புஹாரி: இன்ஜின் வேலை எல்லாம் போன கிழமையே முடிச்சிட்டேன். இந்தாங்க சாவி. பெயின்ட் அடிக்க முந்தி ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அக்காவையும் ஏத்திக்கங்க.

மங்களேஸ்வரி: நான் பின்னால உக்காந்துக்கிறேன், துரைசாணி மாதிரி. ...வாங்களேன்.

சிவஞானம்: சாவிய வச்சுக்கங்க பாஸ்.

புஹாரி: இன்னும் கோவமா அண்ணே?

சிவஞானம்: கோவம் இல்ல. கார் நான் ஓட்டுனதுதான். பச்சைதான். அந்தக் கதவுக்கு போல்ட் முறுக்குன கையும் இதுதான்.

புஹாரி: பொறகு ஏன் கறுப்புன்னு...

சிவஞானம்: மங்களம், போன மாசம் என் உள்ளங்கால்ல மஞ்சள் வச்சுக் கட்டிவிட்டியே...

மங்களேஸ்வரி: செருப்பு கடிச்சதுக்கு.

சிவஞானம்: செருப்பு கடிக்கல. அடுப்புல இருந்து விழுந்த தணல மிதிச்சுக்கிட்டு நின்னிருக்கேன். தோல் கருகுன வாடை வந்து குனிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது.

மங்களேஸ்வரி: ...சுடலையா?

சிவஞானம்: சுட்டா ஏன் புள்ள நிக்கிறேன்? சீனி வருத்தம். ரெண்டு பாதமும் மரத்துப் போச்சு. நரம்புக்கு இனி உணர்ச்சி வராதுன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. உங்கிட்ட சொல்ல வாய் வரல.

புஹாரி: அண்ணே...

சிவஞானம்: கலரத் தப்பாச் சொன்னா பொய்க்காரன்னு அனுப்பிருவீங்கன்னு பாத்தேன் பாஸ். ஓட்ட முடியாதவன்னு சொல்றதுக்கு அந்தப் பேரு எனக்கு லேசா இருந்துச்சு. பிரேக்க மிதிச்சேனா இல்லையான்னு குனிஞ்சு பாத்தாத்தான் எனக்கு இப்பத் தெரியும். பின்னால ஒரு கல்யாணப் பொண்ண உக்கார வச்சுக்கிட்டு நான் எதப் பாத்து ஓட்டுறது... ரோட்டையா, காலையா?