அண்ணனை வரைந்த முப்பத்தொரு தாள்கள்

வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறைதான் படம் வரைய ஏற்றது. காலையில் விழுகிற வெளிச்சமும் மாலையில் விழுகிற வெளிச்சமும் அங்கே ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சித்திரை தாண்டினால் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது ஒரு வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டிவிடுவேன். கருங்கல் ஊரில் என் வீட்டில் அப்படி ஓர் அறைதான் உண்டு. அண்ணனை ஏன் அங்கே படுக்க வைத்தேன் என்று கேட்டீர்கள். அதுதான் காரணம். காற்றும் நன்றாக வரும்.

என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், மேடம். சிரமமில்லை. முப்பத்து நாலு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவன் நான். ரசல்ராஜ் என்று கையெழுத்திட்ட வரைபடத்தில் ஒரு கோடு தப்பாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனால் அத்தனை வருடமும் வயல், தோட்டம், ஓடை, வரப்பு இவற்றைத்தான் வரைந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாதவன். மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் அன்று வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த மாதம் சந்தைக்குப் பக்கத்து மாடியில் ஸ்டெனியின் படம் வரையும் வகுப்பில் சேர்ந்தேன். ஸ்டெனிக்கு முப்பது வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் பழைய முறைப்படி மனித உருவம் வரையப் படித்து வந்தவன். முதல் எட்டு மாதம் பிளாஸ்டரில் செய்த ஒரு பாதத்தையும் ஒரு காதையும் மட்டுமே வரைய வைத்தான். தரையில் சாக்பீஸால் குறித்த இடத்தில் நின்று, தூக்குக்குண்டு நூலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும். அளவு மனதில் இருக்கும்போதே தாளில் குறிக்க வேண்டும். முதலில் பெரிய கோடுகள். பிறகு நிழல் தொடங்குகிற விளிம்பு. கடைசியில்தான் நிழலுக்குள் போவது. மற்றவர்கள் சலித்துப்போய் நின்றுவிட்டார்கள். எனக்குச் சலிக்கவில்லை.

பிறகு ஆட்களை வரையத் தொடங்கினோம். வேட்டியோ சேலையோ கட்டி யாராவது வந்து உட்காருவார்கள். இருபது நிமிடத்தில் கழுத்தைத் திருப்புவார்கள், போனைப் பார்ப்பார்கள். அடுத்த வாரம் வேறு ஆள் வருவார்.

"இது போதாது சார்," என்றான் ஸ்டெனி. "ஒரே ஆள், ஒரே கிடப்பு, ஒரே வெளிச்சம். நாப்பது மணிக்கூறாவது வரையணும். அப்பந்தான் கண்ணு தெளியும். ஆனா இங்க அப்படி யாரு சார் நமக்காக அனங்காம, அசையாம கிடப்பா?"

தை மாதம் அண்ணன் சுந்தரராஜுக்குப் பக்கவாதம் வந்தது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். அண்ணி நேசபாய் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் பிளஸ்ஸி, கணவனோடு தோகாவில் இருக்கிறாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை.

"சித்தப்பா, கொஞ்ச நாள் நீங்க பாத்துக்கிடுவீங்களா? அப்பா நடக்க ஆனதும் நான் வந்து கூட்டிட்டு போயிருவேன்," என்று போனில் அழுதாள்.

"இது என்ன கேள்வி மக்கா? எனக்கு அண்ணன்லா," என்றேன். அது உண்மையான பேச்சு. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன். குளிப்பாட்டினேன், கஞ்சி ஊட்டினேன். நான் பார்த்துக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

வரைவதைப் பற்றி முதலில் அவரிடம் கேட்டுத்தான் தொடங்கினேன். இடது பக்கம் முழுவதும் விழுந்திருந்தது. பேச்சு கொஞ்சம் குழறும்.

"என்னையா? இந்தக் கிழட்டு உடம்பையா?" என்று சிரித்தார். "வரைலே. ஒருத்தரும் என்னை இப்படி உட்காந்து பாத்ததில்ல."

பிப்ரவரியும் மார்ச்சும் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். நான் வரைவேன், அவர் பேசுவார். மரத்தில் கத்தி எந்தச் சாய்வில் ஓட வேண்டும், மழைக்காலத்தில் அட்டை எங்கெல்லாம் ஏறும், எல்லாம் சொல்வார். ஐம்பது வருடத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. வேலை செய்த தோள் அது. பிளாஸ்டரில் இல்லாத ஒன்று அதில் இருந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும், அதுவரை ஆன மணிநேரமும் எழுதினேன். அலுவலகப் பழக்கம்.

வாரம் மூன்று நாள் அபினா என்ற பெண் பிசியோதெரபி செய்ய ஸ்கூட்டரில் வருவாள். நல்ல பெண். அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து மடக்கி, காலைத் தூக்கி இறக்கி, ஒரு மணி நேரம் பாடுபடுவாள். அவள் போன பிறகு அண்ணன் வேறு மாதிரி படுத்திருப்பார். தோள் இறங்கியிருக்கும், முழங்கால் விலகியிருக்கும். பழைய கிடப்புக்குக் கொண்டுவர எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். கட்டில் விரிப்பில் சாக்பீஸால் குறித்து வைத்தேன். அப்படியும் சரியாக வராது.

ஏப்ரலில் இடது கை விரல்கள் தானாக விரிந்தன.

"அங்கிள், நல்ல மாற்றம் தெரியுது. இப்படியே போனா மூணு மாசத்துல நடந்துருவாரு," என்றாள் அபினா.

அவள் போன பிறகு அடுப்பை மூட்டாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் என்றால் ஜூலை. அதன்பிறகு இந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வாரமே அபினாவிடம், பிளஸ்ஸி நாகர்கோவிலிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டாள் என்றேன். பிளஸ்ஸியிடம் அபினா ஒழுங்காக வருகிறாள் என்றேன். இரண்டும் பொய். மறைக்க விரும்பவில்லை. ஒரு படத்தை முடிக்கும் வரைக்கும்தான் என்று நினைத்தேன். அது முடிந்ததும் அதில் இருந்த தப்புகள் தெரிந்தன. அடுத்ததைத் தொடங்கினேன்.

ஜூனில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது அண்ணன் முன்வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகியது. முகம் நிறையச் சிரிப்பு.

"ஏலே ரசலே, நின்னாச்சு பாத்தியா? கட்டில்ல இருந்து நானே வந்தேன்லே. நீ கோயிலுக்கு போற அன்னைக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா எழும்பிப் பழகினேன். பிளஸ்ஸிக்கு ஒரு போன் போடு. அப்பா நடந்தாச்சுன்னு பிள்ளைட்ட சொல்லணும்."

"சொல்லலாம் அண்ணே. பைய வா, விழுந்துருவ," என்றேன்.

தோளில் தாங்கி அறைக்குக் கூட்டி வந்தேன். படுக்க வைத்து, குதிகாலை சாக்பீஸ் குறியில் வைத்து, முழங்காலைச் சரிசெய்தேன். இடது கையை மடக்கி வைத்தபோது அவர் விரித்தார். மறுபடி மடக்கினேன். போன் போடவில்லை. அன்றிலிருந்து அவருடைய போன் என் அலமாரியில் இருந்தது. ஞாயிறுகளில் அறையை வெளியே தாழிட்டுவிட்டுப் போவேன். பிறகு ஞாயிறுகளிலும் போகவில்லை.

தூங்குவதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையில் கொடுக்கத் தொடங்கினேன். மணிக்கட்டில் மெல்லிய பருத்தித் துணியால் ஒரு கட்டு. கயிறு இல்லை, பழைய வேட்டிக் கிழிசல். தோலில் தடம்கூட விழவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிளஸ்ஸி வீடியோவில் கூப்பிடும்போது அவர் கண் மூடிக் கிடப்பார். "அப்பா உறங்கியாச்சு மக்கா, எழுப்பாண்டாம்," என்பேன். தூரத்திலிருந்து காட்டுவேன். "நல்லா பாத்துக்கிடுறீங்க சித்தப்பா," என்பாள்.

ஆகஸ்டில் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "மதி ரசலே, போதும். என்னைத் திருப்பிக் கிடத்து. முதுவு தீயா எரியுது."

"இந்த வெளிச்சம் போகட்டும் அண்ணே."

வெளிச்சம் போனதும் திருப்பினேன். இடுப்பெலும்பு அழுந்துகிற இடத்தில் தோல் சிவந்திருந்தது. மருந்து போட்டேன். காலையில் மறுபடி அதே பக்கம் படுக்க வைக்க வேண்டியிருந்தது. வேறு பக்கம் என்றால் வேறு படம். செப்டம்பரில் அந்த இடம் திறந்து, நான் நிற்கும் இடத்திலிருந்தே தெரியும் அளவுக்குப் பக்கவாட்டில் பரவியது. அப்போது வரைந்த தாளை ஸ்டெனி ஜன்னலருகே எடுத்துப்போய்ப் பார்த்தான். "சார், இப்பம் நீங்க பாக்கத் தொடங்கியாச்சு," என்றான். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. தாள்களை மட்டும்தான் கொண்டுபோய்க் காட்டினேன்.

அக்டோபரில் காய்ச்சல் வந்தது. நாலு நாள். கருங்கல்லில் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்தான். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு நாளும் அவர் அசையவே இல்லை. கட்டைக்கூட அவிழ்த்துவிட்டேன். வியாழக்கிழமை மூன்று இருபதுக்கு மார்பில் விழுந்த நிழல் ஏறி இறங்குவது நின்றது. நான் ஐந்து மணி வரை வரைந்தேன். அந்த விளிம்பு அதற்குமுன் ஒருநாளும் எனக்குச் சரியாகக் கிடைத்ததில்லை.

பிளஸ்ஸி வந்தாள். சபைக் கல்லறையில் அடக்கினோம். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் மறுபடியும் ஒரு தட்டு.

கிறிஸ்துமஸ் வாரத்தில் ஸ்டெனி தன் மாணவர்களின் படங்களை நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்தான். என் படங்களைத் தேதி வரிசையில் ஒரு முழுச் சுவருக்கு மாட்டியிருந்தான். இரண்டாம் நாள் அபினா வந்தாள். யாரோ சொல்லி வந்திருக்கிறாள். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை நடந்தாள். திரும்ப ஏப்ரல் தாளுக்கு வந்து நின்றாள்.

"அங்கிள், இதுல விரலு விரிஞ்சிருக்கு. இந்த ஜூலைப் படத்துல மடங்கி இறுகியிருக்கு. முழங்காலும் மடங்கிப் போச்சு. எனக்குப் பிறகு வந்தது யாரு?"

அவள் செப்டம்பர் தாளுக்குப் போனாள்.

"இது படுக்கைப் புண்ணு. எலும்பு தெரியுது. இதைப் பாத்துக்கிட்டா வரைஞ்சீங்க?"

அவள் குரல் உயரவில்லை. கையில் போனை எடுத்து ஒவ்வொரு தாளையும் தேதியோடு படம் எடுத்தாள். அப்புறம் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். நான் கோபப்படவில்லை. முப்பத்தொரு தாள்களையும் ஒரு கோடு விடாமல் படித்தவள் அவள் ஒருத்திதான்.

ஆக, நீங்கள் கேட்டதற்கு என் பதில் இது. என் அண்ணன் சுந்தரராஜ் எழுந்து நடந்தார். நான்தான் அவரைத் திரும்பப் படுக்க வைத்தேன், படுத்தபடியே இருக்கச் செய்தேன், அதனால் இறந்தார். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

நேற்று இங்கே வந்த பிளஸ்ஸி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்த எட்டு மாதத்தில் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும், அப்படி ஒரு படம் இருந்தால் தரச் சொன்னாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களும் தாள்களைப் புரட்டிப் பார்த்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் கழுத்துக்கு மேலே வெள்ளையாகத்தான் இருக்கும். பலமுறை முயன்றேன், மேடம். அண்ணன் எனக்கு எல்லாவற்றுக்கும் ஒத்துழைத்தார். முகத்தை மட்டும் கடைசி வரை அசையாமல் வைத்துக்கொள்ளவே இல்லை.