வைரக்கண்ணுவின் லைன்

சிம் கார்டு தட்டைத் திறக்க ஒரு குட்டி ஊசி தருவார்களே, சார், எங்கள் அலுவலகத்தில் அது தொலையாத வாரமே கிடையாது. கடைசியில் என் காதுத் தோட்டைக் கழற்றி அதன் கம்பியால்தான் குத்தித் திறப்பேன். பதினான்கு டிரைவர்கள், பதினான்கு போன்கள். நீடாமங்கலத்தில் கணீரென்று பேசும் சிம், நன்னிலம் பக்கத்து வயலில் ஊமையாகிவிடும். அங்கே பேசுவது இங்கே பேசாது. மாற்றி மாற்றிப் போட்டதில் தோடு வளைந்ததுதான் மிச்சம்.

இ-சிம் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம். ஒரு கியூஆர் படத்தைக் காட்டினால் நம்பர் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரே போனில் இரண்டு கம்பெனி லைன். ஒன்று விட்டால் மற்றது பிடித்துக்கொள்ளும். முதலாளி அரசப்பனிடம் இந்த யோசனையைச் சொன்னது நான்தான். அவர் நெல் அறுக்கும் பெல்ட் வண்டிகளை, சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஊர்ந்து போகுமே அவற்றை, வாடகைக்கு விடுகிறவர். நான் செம்மொழி, அவரிடம் பதிவு பார்க்கிறேன். எந்த வயலுக்கு எந்த வண்டி, யாருக்கு முன்னால் யார் என்று வரிசை போடுவது ஒன்பது வருடமாக என் வேலை.

எல்லா லைனும் என் கம்ப்யூட்டர் திரையில் நிற்கும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. அதைத் தொட்டால் 'நிறுத்திவை' என்று வரும். ஒரு டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் சொந்த ஊர் ஆத்தூருக்கே திரும்பிப் போனபோது, அவர் நம்பரை நாலே நிமிடத்தில் புது ஆளின் போனுக்கு மாற்றினேன். விவசாயிகளுக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. எனக்கு அன்று சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

சொந்த சிம் போடும் இடத்தை எல்லாப் போனிலும் பூட்டிவைத்தோம். லைன் நின்றாலும் அவசர எண்கள் மட்டும் போகட்டும் என்று அந்தப் பூட்டில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் அடிக்க விட்டுப்போயிற்று. அது என் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

வண்டிக்கும் தனியாக ஒரு இ-சிம் உண்டு. எங்கே நிற்கிறது, என்ஜின் ஓடுகிறதா, சாய்ந்திருக்கிறதா, எல்லாவற்றையும் எனக்குச் சொல்லும். விவசாயிகளோடு அதற்குத் தனிப் பேச்சு கிடையாது.

வைரக்கண்ணுவுக்கு உண்டு. நல்ல டிரைவர்; அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பயிர் சாய்ந்து கிடந்தாலும் ஒரு கதிர் விடாமல் வாரி எடுப்பார். அதனால் எல்லாரும் அவரையே நேரே கூப்பிட்டார்கள். நெல் முளைத்துவிடும் என்று யாராவது தழுதழுத்தால் போதும், வரிசையை மறந்து வண்டியைத் திருப்பிவிடுவார். அவர் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அலுவலகத்துக்கு முதலில் சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

ஒருநாள் முதலாளி, "வைரக்கண்ணு ஒருத்தன் போதும் போலருக்கே, செம்மொழி. ஆபீஸ் எதுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து, வைரக்கண்ணு சொல்லாமல் போகும்போதெல்லாம் அவர் லைனைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தேன். பிறகு அரை மணி. தண்டனை என்று சொல்ல மாட்டேன். பழக்கப்படுத்துவது.

டீசலுக்குச் சீட்டு வாங்க வந்தபோது கேட்டார். "அக்கா, நேத்து ரெண்டு தடவ லைன் போச்சு. உங்க கைவரிசையா?"

"டவர் ப்ராப்ளம்."

"டவருக்கு என் மேல மட்டும் என்னக்கா கோவம்? நான் அதுகிட்ட கடன்கூட வாங்கலயே."

"சொல்லிட்டுப் போங்க, வைரக்கண்ணு. டவர் ஒழுங்கா எடுக்கும்."

சிரித்துக்கொண்டே போனார். புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன்.

தை மாதத்தில் யாரும் எதிர்பாராமல் மழை பெய்ததே, அதற்கு இரண்டு நாள் கழித்து. ஜெய்னுலாபுதீன் பாய்க்கு ஆறு மா நிலம், இரண்டு ஏக்கர் வரும், பயிர் படுத்துவிட்டது. என் வரிசையில் அவர் ஒன்பதாவது. காலை ஏழு இருபதுக்கு வைரக்கண்ணுவின் வண்டி வாய்க்கால் கரையோடு பாய் வயலை நோக்கி நகர்வதைத் திரையில் பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. பச்சைப் புள்ளியைத் தொட்டேன். இரண்டு லைனையும் நிறுத்தினேன். பத்து மணிவரை இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். எப்படியும் பனி உலர்ந்து பத்து மணிக்கு மேல்தான் அறுக்க முடியும். அதுவரை வயலில் ஒரு ஆள் இருக்காது, எல்லாரும் டீக்கடையில்தான். யாருக்கும் நஷ்டமில்லாத நேரம்.

ஏழு ஐம்பதுக்கு வண்டியின் சிம்மிலிருந்து எச்சரிக்கை வந்தது. சாய்வு நாற்பத்தொரு டிகிரி. என்ஜின் நின்றுவிட்டது. இருக்கையில் ஆள் இல்லை.

பார்த்தீர்களா என்று கேட்டீர்கள். பார்த்தேன். கரை உடைந்து வண்டி வாய்க்காலில் சரிந்திருக்கிறது, அவர் அடியில் மாட்டியிருக்கலாம் என்று புரிந்தது. ஒன்பது வருட அனுபவம், சார், புரியாமல் இருக்குமா? ஆனால் லைனைத் திறந்தால் அவர் முதலில் கூப்பிடப்போவது பாயைத்தான். பாய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஓடுவார். எல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்துக்குத் தகவல் வரும், வழக்கம்போல. அதைத்தானே மாற்ற நினைத்தேன்?

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட்டேன்.

எட்டரைக்குப் பாயே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "ஏம்மா, வைரக்கண்ணு போன் போவமாட்டேங்குது. வர்றேன்னு சொல்லியிருந்தாப்ல."

"உங்க வரிசை ஒன்பது, பாய். வண்டி எப்ப வரும்னு ஆபீஸ்லேருந்து சொல்லுவோம்."

"வரிசை கெடக்கட்டும்மா. தனியா ஓட்டிட்டு வருது அந்தப் புள்ள. கரையெல்லாம் ஊறிக் கெடக்கு. அதான் மனசு கேக்கல. நீங்க வண்டி எங்க நிக்கிதுன்னு பாத்து சொன்னீங்கன்னா, நானே போயி..."

"டவர் ப்ராப்ளம், பாய். பத்து மணிக்குச் சரியாயிடும்."

"அல்லாவே," என்று வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு லைனைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. பாயும் அந்த நேரத்துக்குத்தான் தேடிப்போய்க் கண்டுபிடித்திருக்கிறார். இடது தொடை பெல்ட்டுக்கு அடியில் இருந்தது என்றார்கள். ஒன்பதே கால்வரை உயிர் இருந்திருக்கும் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

லைனைத் திறந்ததும் அவர் போனில் தேங்கியிருந்தவை வாட்ஸ்அப்பில் எனக்கு வந்து சேர்ந்தன. முதலாவது: "அக்கா வண்டி சாஞ்சிடுச்சி கால் மாட்டிக்கிச்சி லைன் போடுங்க". இரண்டாவது: "தப்புதான்கா இனிமே சொல்லிட்டு போறேன் போடுங்கக்கா". மூன்றாவது குரல் பதிவு, முப்பத்தாறு விநாடி. அதை நான் கேட்கவில்லை. முதல் இரண்டிலேயே விஷயம் தெளிவாக இருந்தது.

அவர் போனில் இருந்த அழைப்புகளை நீங்கள் காட்டினீர்கள். இருபத்துமூன்று முறை அடித்திருக்கிறார். பாய்க்கு ஒன்றுகூட இல்லை. இருபத்துமூன்றும் அலுவலகத்துக்கு, எனக்கு.

முறைப்படி அலுவலகத்துக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறார், சார். முதலாளியிடம் காட்டலாம் என்று, நீங்கள் காட்டிய அந்தப் போன் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.