நடுக் கிண்ணம்

திராட்சையை அதிக நேரம் கொதிக்க விடக் கூடாது, போதகர் ஐயா. தோல் வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் விட்டால் விதையின் கசப்பு ரசத்தில் இறங்கிவிடும், அப்புறம் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் போகாது. திருவிருந்துக்கு ரசம் காய்ச்சும் வேலை என் கைக்கு வந்த பிறகு நம் சபையில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. குடியை விட்டு வந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அதனால் புளித்த ரசம் மேசைக்கு வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நல்ல ஏற்பாடு என்று அப்போதே நினைத்தேன்.

கதவைச் சாத்த வேண்டாம். நான் அழப்போவதில்லை. என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்தேன்.

அவர் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் சபையில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்கு நினைவிருக்கும். பொறுமைக்காரி. யாரும் கேலியாகச் சொன்னதில்லை. இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. நான் வர நேரமானாலும் நர்ஸ் அக்கா தன் பையை அதில் வைத்துப் பிடித்துவைப்பார். என் வீட்டுக்காரர் வெல்டிங் பட்டறையில் வாங்கும் கூலி பாதி வழியிலேயே கரைந்துவிடும். மீதியோடு வருகிற நாளில் அடி கொஞ்சம் குறைவு, வெறுங்கையோடு வருகிற நாளில் அதிகம். கையில் காயம் இருந்தால் நான் அதை மறைத்ததும் இல்லை, காட்டியதும் இல்லை. பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள். வாரம் முழுவதும் பட்டதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும் என்று இருக்கும். பட்ட பாட்டை நாலு பேர் பார்த்தார்கள் என்பதே ஒரு பெரிய ஆறுதல்தான், ஐயா.

பிறகு அவர் இரட்சிக்கப்பட்டார்.

அது எப்படி நடந்தது என்று அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். என் பையிலிருந்து பணம் எடுக்கத்தான் அன்று என் பின்னாலேயே சபைக்கு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிப்போனார். பாட்டுச் சத்தத்தில் விழித்தவர் குழந்தைபோலத் தேம்ப ஆரம்பித்தார். நீங்கள் மேடையிலிருந்து இறங்கி ஓடினீர்கள். நான் சபையில் வளர்ந்தவள், எனக்காக நீங்கள் ஒரு நாளும் மேடையை விட்டு இறங்கியதில்லை. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் நடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்றிலிருந்து பாட்டிலைத் தொடவில்லை. உடம்பு நடுங்கிய நாட்களில் நான்தான் ஈரத்துணி போட்டேன். தேறியதும் அதிகாலையில் எழுந்து எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். ஞானஸ்நானத்துக்கு முன்னால் எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டால் மன்னிக்காமல் என்ன செய்ய முடியும்? மன்னித்தேன் என்றேன். கூட்டம் முழுவதும் அல்லேலூயா சொன்னது. தொட்டித் தண்ணீரில் இறங்க அவர் போட்டுக்கொண்ட வெள்ளை அங்கியை நான்தான் தைத்தேன். தண்ணீரிலிருந்து அவர் எழுந்தபோது முகம் புதிதாக இருந்தது. இருபது வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தவரின் முகம் அது. எனக்கு முன்னால் எழுந்து நின்ற பெண்களின் தோள்களுக்கு இடையில்தான் அதைப் பார்க்க முடிந்தது.

அதன் பிறகு, மேடையேறித் தன் பழைய வாழ்க்கையைச் சொல்லும் அவருடைய சாட்சி தொடங்கியது. நல்ல பேச்சாளர் என்று யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. என் தலைமுடியைப் பிடித்து இழுத்ததைச் சொல்வார். என் வளையலை விற்றதைச் சொல்வார். நான் வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு அழுததைச் சொல்வார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அடி வாங்கியது நான். அழுகையெல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு சபைகளிலிருந்தும் கூப்பிட்டார்கள். அவர் மேடைக்குப் போவார், நான் வேதாகமப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பொறுமைக்காரி என்ற பெயரும் போய்விட்டது. சாட்சிக்காரர் வீட்டம்மா என்றார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார் நர்ஸ் அக்கா. அவளுடைய கணவனும் குடிகாரன்.

"நீங்க இனி எங்க வேணா உக்காரலாமே. குடுத்து வச்சவங்க" என்றார் என்னிடம்.

வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குணம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. எனக்குப் புரியாதது ஒன்றுதான். அவர் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கோ வாசல் கதவு கிரீச்சிட்டால் தோள் தானாகச் சுருங்கியது. அவர் டீயை நீட்டக் கையை உயர்த்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடித்தவருக்குக் குணமாகிவிட்டது, அடிபட்டவளுக்கு ஆகவில்லை. ஒருமுறை உங்களிடம் வந்தேன். எனக்காக ஜெபியுங்கள் என்றேன். நீங்கள் சிரித்தபடி என்ன சொன்னீர்கள் தெரியுமா?

"உங்களுக்கு என்னம்மா குறை? அதான் கேட்டதெல்லாம் கிடைச்சிடுச்சே."

மறந்திருப்பீர்கள். உங்களுக்கு எத்தனையோ வேலை.

அதே மாதம் அவரைத் திருவிருந்து மேசைப் பணிவிடைக்கு நியமித்தீர்கள். தட்டில் வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள் இருக்கும். தட்டைச் சுமப்பவர் எல்லாருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, மேடைக்கு முன்னால் நின்று, கடைசியில் நடுக் கிண்ணத்தை எடுத்துக் குடிப்பார். அது அவருக்கானது என்பது எல்லாருக்கும் தெரியும், குழந்தைகள்கூட அதைத் தொடமாட்டார்கள். அந்தக் கிண்ணங்களை நிரப்புவது நான். இவ்வளவு வசதியாக எல்லாம் அமைந்தபோது, இது என் யோசனை மட்டும்தானா என்றுகூடத் தோன்றியது.

அவர் முன்பு வழக்கமாக வாங்கிய பிராந்தியையே வாங்கினேன். சபைச் சமையலறையில் வினிகர் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தேன். நடுக் கிண்ணத்தில் மட்டும் பாதிக்குப் பாதி. திராட்சையின் நிறத்தில் ஒன்றும் தெரியாது. உண்மையாகவே மறுபடியும் பிறந்தவர் என்றால் ஒரு வாய் அவரை என்ன செய்துவிடும்? நான் நினைத்தது அவ்வளவுதான். சோதித்துப் பார்க்காத பாத்திரத்தை நாம் அடுப்பில் ஏற்றுவதில்லையே.

வாயில் ஊற்றியதும் நின்றுவிட்டார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தீர்கள், பார்த்திருக்க மாட்டீர்கள். துப்ப வேண்டும் என்று உதடு துடித்தது. ஆனால் ஆண்டவருடைய இரத்தம் என்று விசுவாசிக்கிறவர் அதை எப்படித் துப்புவார்? எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "இன்னைக்கு ரசம் ஏதாவது மாறி இருந்துச்சா?"

"இல்லையே. எப்பவும் போலத்தான்."

"உனக்கு ஒண்ணும் தெரியலியா?"

"இனிப்பாத்தான் இருந்துச்சு" என்றேன். அது பொய் இல்லை. என் கிண்ணத்தில் இருந்தது இனிப்புதான்.

நர்ஸ் அக்காவிடமும் கேட்டிருக்கிறார். தேன் மாதிரி இருந்தது என்றாராம். அதன் பிறகு அவர் ரசத்தைச் சந்தேகிக்கவில்லை. என்னையும் சந்தேகிக்கவில்லை. தன் நாக்கைச் சந்தேகித்தார். எல்லாருக்கும் இனிக்கிற கிண்ணம் எனக்கு மட்டும் சாராயமாகிறதே, அப்படியென்றால் பழைய மனுஷன் உள்ளே இன்னும் சாகவில்லை என்று எண்ணிக்கொண்டார். நான் அப்படியெல்லாம் யோசிக்கவே இல்லை. அது அவராகவே கண்டுபிடித்தது.

அடுத்த மாதமும் ஊற்றினேன். மேசைப் பணிவிடையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று உங்களிடம் வந்தாரே, நினைவிருக்கிறதா? காரணத்தையும் சொன்னார். இது சத்துருவின் தந்திரம், பின்வாங்காதீர்கள், விசுவாசத்தோடு குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினீர்கள். உங்கள்மேல் பழி போடவில்லை. நான் கிண்ணத்தை நிரப்பினேன், நீங்கள் அதைக் குடிக்கச் சொன்னீர்கள், அவ்வளவுதான். உட்காருங்கள் ஐயா, ஏன் நிற்கிறீர்கள்?

உபவாசம் இருந்து மெலிந்துபோனார். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போகவில்லை. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கையை நனைக்காமல், என் முகத்தையே பார்த்தார்.

"நான் மறுபடி பிறக்கவே இல்லியோ? நீ சொல்லு. நீதானே என்னைக் கூட இருந்து பாக்குற."

ஒரு வார்த்தை போதும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அவர் என்னை மன்னித்தும் இருப்பார், அப்போது அப்படிப்பட்டவராகத்தான் இருந்தார். அதையும் அடுத்த ஞாயிறு மேடையில் சொல்லியிருப்பார். மன்னித்ததற்காக அவரை மறுபடியும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"அதை நீங்க ஆண்டவர்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

அந்த வாரமே குடித்தார். அடிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து அழுதார். நான் வெந்நீர் வைத்து முகம் துடைத்துவிட்டேன். அன்றுதான் எத்தனையோ காலத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் அக்கா என்னைப் பார்த்ததும் தன் பையை எடுத்து இடம் விட்டார். பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பொறுமைக்காரி என்று யாரோ பின்னால் மெதுவாகச் சொல்வது கேட்டது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு கிடங்கின் கூரையில் தகடு பற்றவைக்க ஏறியவர் போதையில் கால் தவறி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் நினைவு இருந்தது. என்னைக் கூப்பிடவில்லை. என்னை விட்டுவிடாதேயும் என்று ஆண்டவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டே உயிரை விட்டார். என்னை அடித்ததை எல்லாம் மன்னித்தேன், ஐயா. இதை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

காவல் நிலையத்துக்கு நானே போவேன். பாட்டிலையும் எடுத்துவைத்திருக்கிறேன், நீங்கள் யாரையும் அனுப்ப வேண்டாம். ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு போகிறேன். போன வாரம் மனம் திரும்பிய ஒரு திருடன் மேடையில் சாட்சி சொன்னதைப் பார்த்தேன். சபையே அழுதது. நர்ஸ் அக்கா என் கையை விட்டுவிட்டு எழுந்து போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

எனக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் ஆகிவிட்டது என்பீர்கள். அது கணக்கில் சேராது. அப்போது கழுவுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, ஈரத்தலையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது என்னிடம் இருக்கிறது. உண்மையாக மனம் திரும்பிவிட்டேன், நீங்களே என் முகத்தைப் பார்க்கிறீர்கள், எவ்வளவு அமைதியாக இருக்கிறேன்.

ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்பச் சொல்லிவிடுங்கள். அவருடைய அங்கி எனக்குக் கொஞ்சம் நீளம், கீழே மடித்துத் தைத்துவிட்டேன். அப்புறம், மேடையில் சாட்சி சொல்ல அவருக்குக் கொடுத்ததைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுங்கள், ஐயா. அவருடைய பாவத்தைவிட என்னுடையது பெரியது.