‘தி’யில் முடியும் பெயர்

— ஏன் சாமியம்மா வாசல்லயே நிக்கே? உள்ள வா. பிள்ளையக் குடு, நான் வச்சுக்கிடுதேன்.

— இப்பதாங்கம்மா பால் குடிச்சிட்டுத் தூங்குது. செத்த நேரம் என் மடியிலயே இருக்கட்டும்.

— சரி, உக்காரு. எங்க வீட்டுக்காரக ஷிப்டுக்குப் போயாச்சு. பதினாறாம் நாளுக்குப் பேரு எழுதி வச்சிருக்கேன், கேளு. கோமதி, பகவதி, மாலதி, வசுமதி, ரேவதி.

— எல்லாம் ஒரே மாரி முடியுதுங்களே.

— தி-யிலதான் முடியணும். இவுக வீட்டு வழக்கம். அத்தை பார்வதி, நாத்தனார் சரஸ்வதி. எங்க அப்பா எனக்கு வச்ச பேரு சுப்புலட்சுமி. தாலி ஏறின அன்னைக்கே சுமதின்னு மாத்திட்டாக.

— ஐயோ. கோமதின்னா என்னாங்க?

— எங்க சங்கரங்கோயில் அம்மன். பகவதி கன்னியாகுமரியில கல்யாணமே ஆகாம நிக்கா, அது வேண்டாம். மாலதின்னா பூ, முல்லை மாதிரி ஒரு கொடி. வசுமதின்னா பூமி.

— பூமி வேணாங்க. எங்க வூடு இருந்த எடத்தயே மைன்ஸுக்குத் தோண்டிட்டாங்க.

— அப்போ ரேவதி. கடைசி நட்சத்திரம். அதுக்குப் பொறவு ஒண்ணு கெடையாது. எனக்கும் இவள விட்டா யாரு?

— எங்க வூட்ல எல்லாம் கோயில் பேருதாங்க. எங்கம்மா வீரம்மா, அக்கா பச்சையம்மா...

— அதெல்லாம் இனிமே வாயில வரக்கூடாது. எனக்குப் பொறந்ததுன்னு ஊருக்குக் கடுதாசி போயாச்சு. வியாழக்கிழமை அத்தை ரயிலேறுதாக.

— எனக்கு மனசு வரலைங்கம்மா.

— என்ன பேசுதே நீ? உன் வீட்டுக்காரரு சாமிக்கண்ணுதானே வந்து சம்மதம் சொன்னாரு? மூணு பிள்ளைக்கே கஞ்சி ஊத்த முடியலன்னு?

— அது சொல்லிச்சு. என்னை யாருங்க கேட்டா?

— அவர மைன்ஸ்ல பெர்மனெண்ட் ஆக்கச் சொல்லி இவுக எழுதிக் குடுத்து, நேத்து ஆர்டரே வந்துட்டு. தெரியுமில்ல?

— தெரியுங்க. அந்தக் காயிதத்தக் கையில வெச்சிக்கினு ராவெல்லாம் செவுத்தப் பாத்துக்கினு குந்தியிருந்துச்சு. சந்தோசமான்னு கேட்டேன். காயிதத்த மடிச்சிப் போட்டுட்டுப் புள்ளையத் தூக்கி மடியில வெச்சிக்கிச்சு.

— இப்பப் போய் மாட்டேன்னா, இவுக ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்த ஆர்டர் போயிரும். நான் தடுக்க முடியாது. கல்யாணமாகி ஒம்போது வருசமாச்சு சாமியம்மா. இந்தப் பிள்ளையும் இல்லேன்னா, அத்தை எந் தங்கச்சியவே இவுகளுக்கு ரெண்டாந்தாரமாக் கேக்கப் போறாக. பதினேழு வயசு அவளுக்கு. எங்கப்பா குடுத்துருவாரு.

— உங்க மேல கோவம் இல்லைங்கம்மா. நீங்களும் மாட்டிக்கினுதான் இருக்கீங்க.

— அப்போ குடு. நீ எங்கயும் போவ வேண்டாம். தெனமும் வேலைக்கு வா. பாலு குடு, குளிப்பாட்டு. கண்ணு முன்னாலதான வளரும்?

— வளந்தா என்னை எப்பிடிங்க கூப்புடும்?

— எல்லாரும் கூப்பிடுத மாதிரிதான். சாமியம்மான்னு.

— பேரச் சொல்லியாங்க? நான் பெத்த புள்ளையா?

— அழாத. பிள்ளை முழிச்சிரும். இன்னைக்குச் சாயங்காலம் இவுக போயிப் பொறப்பு எழுதணும். தாயி தகப்பன்னு எங்க பேருதான் இருக்கணும். ரேவதின்னே எழுதச் சொல்லட்டுமா?

— அதச் சொல்லத்தாங்க வந்தேன். வெள்ளன போயி வடக்குத்து கிராமத்து மணியக்காரர் வூட்ல பொறப்பு எழுதிட்டேன். பெத்தவ சாமியம்மான்னு.

— அடிப்பாவி! சாமிக்கண்ணுக்குத் தெரிஞ்சா உன்ன உயிரோட விடுவாரா?

— அதுதாங்க என்னைக் கூட்டிக்கினு போச்சு. அப்பன் பேருக்கு நேரா மொத கைநாட்டு அது வெச்சதுதான்.