கஞ்சி போட்ட கெத்து

மட்டாஞ்சேரி படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நின்றபோது எனக்கு முன்னால் சலவைத்தொழில் செய்யும் ஓர் அண்ணியும் அவள் நாத்தனாரும். எர்ணாகுளத்து ஹோட்டல் ஒன்று இதுவரை இவர்கள் வெளுத்துக் கொடுத்த விரிப்புகளை இனி மெஷின் சலவைக்குக் கொடுக்கப்போகிறதாம். மேனேஜரைப் பார்த்துப் பேசக் கிளம்பியிருக்கிறார்கள். நாத்தனாரின் வெள்ளைப் பருத்திச் சேலை அட்டை மாதிரி விறைத்து நின்றது.

"எப்படி அண்ணி, கெத்தா இருக்கேனா?"

"கெத்தா? அது கஞ்சிடி."

"கஞ்சிதான். எந்த மெஷின் இப்படி நிக்க வைக்கும்? மேனேஜர் கண்ணால பாக்கட்டும்."

"எங்கேருந்துடி வந்துச்சு இந்த வார்த்தை?"

"மெட்ராஸ் பக்கத்துப் பேச்சுங்கறாங்க. இப்போ இங்க மலையாளப் பிள்ளைங்களே சொல்லுது."

"இங்க மலையாளத்துலதான் ஜாடன்னு ஒரு வார்த்தை இருக்கே?"

"ஜாட வேற அண்ணி. அது இல்லாததை இருக்கிற மாதிரி காட்டுறது. கெத்துன்னா கையில இருக்கிறதைக் காட்டுறது."

"சரி, அதை நீயே சொல்லிக்கக் கூடாது. அடுத்தவங்க சொல்லணும்."

படகில் இடம் நிறைய இருந்தது. அண்ணி உட்கார்ந்தாள். நாத்தனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டிக்கெட் பார்க்க வந்த ஊழியர் காலி இருக்கையைக் காட்டினார். "சேச்சி, இரிக்கூ."

"வேண்டா சேட்டா. இருந்தா ஸாரி சுளுங்கும்." உட்கார்ந்தால் சேலை கசங்கிவிடுமாம்.

"எந்தொரு ஜாட!" என்று அவர் சிரித்தார்.

அண்ணி விருட்டென்று நிமிர்ந்தாள்.

"ஜாடயல்ல சேட்டா. கெத்து."